விரல் நின்ற இடம்

யாராவது போனைக் கையில் எடுத்து நாங்கள் செய்த வெப்சைட் பக்கத்தைத் திறந்தால் கோட்டக்குப்பம் மேடம் திரையைப் பார்க்க மாட்டார். அவர்களுடைய கட்டை விரலைப் பார்ப்பார். விரல் எங்கே போகிறது, எங்கே தயங்குகிறது, எந்த இடத்தில் தொட்டுவிட்டுச் சட்டென்று பின்வாங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த நேரத்தில் தன் இரண்டு கைகளையும் துப்பட்டாவுக்குள் சுருட்டி மடியில் வைத்துக்கொள்வார். இல்லாவிட்டால் கை தானாகவே போய் "இங்க தொடுங்க" என்று காட்டிவிடுமாம்.

"நாம காட்டிட்டோம்னா எங்க சிக்கல்னு நமக்குத் தெரியாமலே போயிடும் பிரபு. அவங்க வீட்டுக்கு நாம கூடவா போகப் போறோம்?" என்பார்.

மரக்காணத்தில் ஈசிஆர் ரோட்டின் மேல், ஒரு டயர் கடைக்கு மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. மொத்தம் நாலு பேர். சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் ஊருக்கே திரும்பிவிட்ட சேகர்தான் முதலாளி. கடற்கரை ரிசார்ட்டுகள், உப்பு வியாபாரிகள், வானூர்ப் பக்கத்து விதைக்கடைகள் என்று யார் வந்தாலும் வெப்சைட் செய்து கொடுத்தோம். கோடிங் என் வேலை. டிசைன் செய்த பெண்ணுக்கும், டெஸ்டிங்குக்கு என்று வந்து சேர்ந்த இவருக்கும் ஒரே பெயர். ஒருவரைக் கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்பினார்கள். அதனால் ஒருவர் பாண்டி, ஒருவர் கோட்டக்குப்பம் என்று ஊர்ப் பெயரையே வைத்துவிட்டோம். கடைசிவரை எனக்கு அவர் கோட்டக்குப்பம் மேடம்தான்.

என்னைவிட இரண்டு வயது சின்னவர். கணவர் சவூதியில் இருந்தார். கம்ப்யூட்டர் படிப்பெல்லாம் கிடையாது, பி.காம். சேகர் அவரை வேலைக்கு எடுத்தபோது எனக்கு அதில் சம்மதமில்லை. கோடிங்கே தெரியாதவர் நான் எழுதியதில் என்ன குறை கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்தேன்.

இரண்டாவது வாரமே தெரிந்தது.

ஒரு உப்பு வியாபாரிக்குப் பக்கம் செய்திருந்தோம். வெள்ளைப் பின்னணியில் வெளிர்ச் சாம்பல் எழுத்து. பாண்டியும் நானும் அதை ரசித்துக்கொண்டிருந்தோம். கோட்டக்குப்பம் போனை எடுத்துக்கொண்டு, "ஒரு நிமிஷம் வெளிய வர்றீங்களா?" என்றார். வெளியே என்றால் வாசல் என்று நினைத்தேன். பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு உப்பளத்து வரப்பு வரைக்கும் நடத்திக் கூட்டிப் போனார். கீழே உப்பு, மேலே வெயில். எந்தப் பக்கம் திரும்பினாலும் கண் கூசியது. போனை என்னிடம் நீட்டி, "இன்னைக்கு உப்பு என்ன விலைன்னு படிங்க" என்றார்.

திரையில் ஒன்றுமே தெரியவில்லை. என் முகம்தான் தெரிந்தது.

"உள்ள ஏசியில உட்கார்ந்து பார்த்தா எல்லாமே அழகாத்தான் இருக்கும். லாரி டிரைவர் விலை பார்க்கறது இங்க நின்னுக்கிட்டு."

எழுத்தைக் கறுப்பாக்கினோம். அளவையும் கூட்டினோம். பாண்டி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

பாராட்டத் தெரியாதவர் அவர். நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார், அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். நன்றாக இல்லாவிட்டால் விடமாட்டார். அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. பக்கத்தின் படத்தைக் கோடுகளாக வரைந்து, யாருடைய விரல் எந்த இடத்தில் நின்றதோ அங்கே ஒரு புள்ளி வைப்பார். புள்ளிக்குப் பக்கத்தில் அவர்களுடைய பெயர். டயர் கடைக்காரர், டீக்கடை அம்மா, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்று எல்லாரும் அதில் இருந்தார்கள். ஒருநாள் நோட்டைப் புரட்டியபோது என் பெயரையும் பார்த்தேன். நான் எழுதிய பக்கத்தில் என் விரலே மூன்று இடத்தில் நின்றிருந்தது.

ரிசார்ட் முதலாளி ஒருவர் வந்தார். முகப்பில் கடல் அலை வீடியோ ஓட வேண்டும், அது முடிந்த பிறகுதான் மற்றதெல்லாம் வர வேண்டும் என்றார். நாங்கள் தலையாட்டிக்கொண்டிருந்தோம். கோட்டக்குப்பம் நடுவில் புகுந்தார்.

"சார், உங்க ரிசார்ட் பக்கம் சிக்னலே ஒழுங்கா வராது. வழி தெரியாம ரோட்டுல நிக்கிறவங்க உங்க போன் நம்பருக்காகத்தான் பக்கத்தைத் திறப்பாங்க. வீடியோ ஓடி முடியறதுக்குள்ள அடுத்த ரிசார்ட்டுக்குப் போயிடுவாங்க."

ரிசார்ட் முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து போனவர் திரும்பி வரவே இல்லை. சேகர் அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கோட்டக்குப்பம் மதியச் சாப்பாட்டுக் கூடையைத் திறந்து எல்லாருக்கும் மீன் வைத்துவிட்டு, "நான் சொன்னது பொய்யா?" என்று மட்டும் கேட்டார்.

என்னோடு அவர் போட்ட சண்டைகளில் ஒன்றை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. ஒரு படிவத்தில் போன் நம்பரை இடைவெளி விட்டு அடித்தால், 'தவறான உள்ளீடு' என்று சிவப்பில் வரும்படி செய்திருந்தேன்.

"இது யாரோட தவறு?" என்றார்.

"அடிக்கறவங்களோடது. நம்பருக்கு நடுவுல இடைவெளி விட்டுட்டாங்க."

"அந்த இடைவெளியை உங்க கோடிங்கே எடுத்துட முடியாதா?"

"முடியும்."

"எவ்வளவு வேலை?"

"ஒரு வரி."

"ஒரு வரி எழுதச் சோம்பல்பட்டுக்கிட்டு ஊரையே தவறுங்கறீங்களே பிரபு."

இப்போது சென்னையில் வேலை செய்கிறேன். பெரிய குழு, பெரிய பெரிய கருவிகள். யாராவது சிவப்பு எழுத்தில் 'தவறு' என்று போட்டால் என் காதில் அந்தக் குரல் கேட்டுவிடும்.

அவருடைய பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும், அப்படித்தான் இதுவும் என்று நினைத்திருந்தேன். கண் முகாம் வந்தபோதுதான் தெரிந்தது.

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கண் சீக்கிரமே கெட்டுப்போகும். ஒரு தொண்டு அமைப்பு அவர்களுக்காக பிப்ரவரியிலும் மார்ச்சிலும் சில நாட்கள் முகாம் வைத்தது. ஒவ்வொரு முகாம் நாளும் மரக்காணத்திலிருந்து ஒரு பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும். பெயர் பதிவதற்கான பக்கத்தை எங்களிடம் கொடுத்தார்கள். பதிந்ததும் எந்த நாள் என்று எங்கள் பக்கமே ஒதுக்கி அவர்களுக்கு மெசேஜ் அனுப்பிவிடும்.

பக்கம் தயாரானதும் கோட்டக்குப்பம் என்னை மறுபடி உப்பளத்துக்குக் கூட்டிப் போனார். அஞ்சலை என்று ஒரு அம்மா. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இடது கண்ணில் வெள்ளையாகப் படலம். உப்பு வாரும் பலகையை வரப்பில் சாய்த்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். உப்புத் தண்ணியில் ஊறி ஊறி வெடித்த விரல். ஒரு தடவை தொட்டால் திரை ஏற்கவில்லை. இரண்டு தடவை அழுத்தினால் பக்கத்திலிருந்த பட்டனும் சேர்ந்து அழுந்தியது. பெயர், ஊர், வயது, நம்பர் என்று பொறுமையாக அடித்து முடித்தார். கடைசியில் 'சமர்ப்பி' என்ற பட்டனைப் பார்த்துத் தயங்கினார். அழுத்தியபோது சிக்னல் இல்லை. அடித்தது அத்தனையும் அழிந்து, பக்கம் வெறுமையாக வந்து நின்றது.

அஞ்சலை போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இதெல்லாம் படிச்சவங்க வேலைம்மா. எனக்கு இன்னா தெரியும்?"

துப்பட்டாவுக்குள் கோட்டக்குப்பத்தின் கைகள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன. "நீங்க செஞ்சது எல்லாமே சரிங்க. எங்க பக்கம்தான் சரியில்லை. மாத்திட்டு வர்றோம்" என்றார்.

ஆபீசுக்கு வந்து நோட்டைப் பிரித்தார். ஏழு புள்ளிகள். பட்டன்களைப் பெரிதாக்கி நடுவில் இடம் விட்டேன். 'சமர்ப்பி' போய் 'என் பெயரைப் பதிவு செய்' வந்தது. சிக்னல் போனாலும் அடித்தது போனிலேயே தங்கி, சிக்னல் வந்ததும் போய்ச் சேரும்படி எழுதினேன். அதற்கு மட்டும் ஒரு முழு நாள் ஆயிற்று. ஆறு புள்ளிகள் முடிந்தன. ஏழாவது, தேதி.

தேதிக்காக நான் எடுத்துப் போட்டிருந்த ரெடிமேட் கருவி மாதத்தை முன்னாலும் நாளைப் பின்னாலும் போட்டது. மார்ச் இரண்டாம் தேதி என்றால் 03/02 என்று வரும்.

"மாசத்தை எழுத்துல போடுங்க பிரபு. மார்ச் ரெண்டுன்னு."

"மேடம், நாளைக்குக் காலைல பக்கம் வெளிய போகணும். அதுல கை வச்சா வேற எங்கயாவது இடிக்கும். அடுத்த வாரம் மாத்திக்கலாம்."

"அடுத்த வாரம் மெசேஜ் போயிருக்குமே?" என்றார். குரல் நடுங்கியது. ஒரு தேதிக்கு எதற்கு இவ்வளவு என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மறுநாள் காலையில் வந்ததும் வராததுமாக, "தேதி ஆச்சா?" என்றார். நான், "ஆச்சு" என்றேன்.

ஆகவில்லை. மதியத்துக்குள் செய்துவிடலாம் என்றுதான் அப்படிச் சொன்னேன். மதியம் வேறு வேலை வந்தது. பிறகு மறந்தே போனேன்.

பிப்ரவரி மூன்றாம் தேதி காலையில் கோட்டக்குப்பம் எனக்குப் போன் செய்தார். "பஸ் ஸ்டாப்புக்கு உடனே வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். முகாம் பஸ் காலியாக நின்றது. பஸ்ஸுக்கு வெளியே உப்பளத்து ஆட்கள் ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். அன்றைய வேலையை விட்டுவிட்டு, நல்ல துணி உடுத்தி, கையில் மாற்றுத்துணிப் பையோடு வந்திருந்தார்கள். அமைப்பின் ஆள் ஒருவர் பட்டியலை வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

"வர வேண்டியவங்க ஒருத்தரும் வரலை. வரக் கூடாதவங்க வந்து நிக்கறீங்க. உங்களுக்கு அடுத்த மாசம்தான். மெசேஜை ஒழுங்காப் பார்த்துட்டு வர மாட்டீங்களா?"

கோட்டக்குப்பம் ஒரு அம்மாவின் போனை வாங்கி என் முகத்துக்கு நேராகக் காட்டினார். 03/02.

"ஆச்சுன்னு சொன்னீங்க" என்றார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் அதைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

பட்டியல்காரரிடம் திரும்பினார். "அவங்க ஒழுங்காத்தான் படிச்சாங்க. நாங்கதான் தப்பா எழுதிட்டோம். மூணு ரெண்டுன்னா பிப்ரவரி மூணுன்னுதான் யாரும் படிப்பாங்க. இன்னைக்கு வர வேண்டியவங்களுக்கு ரெண்டு மூணுன்னு போயிருக்கும். அவங்க மார்ச் ரெண்டாம் தேதி வருவாங்க. ஆளை மாத்திக்கிட்டா போதும். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு என்கிட்ட குடுங்க, நான் பேசறேன்."

கால் மணி நேரம் பேசினார். ஆஸ்பத்திரியில் ஒத்துக்கொண்டார்கள். ஒன்பது பேரும் ஏறினார்கள். பட்டியலில் மார்ச் இரண்டுக்குப் பதினொரு பேர் இருந்தார்கள். திட்டு வாங்கியதும் இரண்டு பேர் திரும்பிப் போய்விட்டார்களாம். அதில் ஒருவர் அஞ்சலை.

"போய்க் கூட்டிட்டு வாங்க பிரபு. சும்மா கூட்டிட்டு வராதீங்க. சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டுக் கூட்டிட்டு வாங்க."

இரண்டு பேரும் ரோட்டிலிருந்து உப்பளத்துக்குத் திரும்பும் பாதையிலேயே நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். நான் பைக்கை நிறுத்தி இறங்கினேன். அஞ்சலை என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"நான்தான் நாளைப் பார்க்காம வந்துட்டேம்பா. கண்ணு வேற சரியாத் தெரியலையா..." என்று அவரே ஆரம்பித்தார்.

"இல்லைம்மா. நீங்க சரியாத்தான் பார்த்தீங்க. அதை எழுதினது நான். மாத்தச் சொன்னாங்க, மாத்தாம விட்டுட்டேன். என் தப்புதான்" என்றேன். அவர் கூட இருந்தவரிடம் திரும்பி, "கேட்டியா? அந்தாளு அத்தனை பேச்சு பேசினானே" என்றார். இரண்டு பேரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தேன். பஸ் கிளம்பியது. அஞ்சலைக்கு அந்த வாரமே ஆபரேஷன் ஆனது.

பஸ் போன பிறகு கோட்டக்குப்பமும் நானும் டீக்கடையில் உட்கார்ந்தோம். கேட்காமலே அவராகச் சொன்னார்.

கல்யாணமாகி மூன்றாம் வருடம் அவருடைய மாமிக்கு, அதாவது மாமியாருக்கு, நெஞ்சுவலி வந்து மோசமாகிவிட்டது. சவூதியிலிருந்து கணவர், "எனக்கு இங்க டூட்டியில போனைத் தொட முடியாது, நீயே டிக்கெட் போடு" என்றிருக்கிறார். இவர் ஏதோ ஒரு வெப்சைட்டில் போட்டார். ஜூன் ஏழாம் தேதிக்கு வேண்டும். ஏழு, ஆறு என்று அடித்தார். அது ஜூலை ஆறாம் தேதிக்கு டிக்கெட் போட்டது. ஏர்போர்ட் கவுண்டரில் போய் நின்றபோதுதான் கணவருக்குத் தெரிந்தது. வேறு டிக்கெட் கிடைத்து அவர் வந்து சேர மூன்று நாள் ஆனது. அதற்குள் மாமி மவுத்தாகி, அடக்கமும் முடிந்துவிட்டது.

"மாமா ஒரே வார்த்தைதான் சொன்னார். 'கண்ணு வச்சுப் பார்த்திருக்கலாமேம்மா'ன்னு. அதுக்கப்புறம் என் முகத்தைப் பார்த்து அவர் பேசினதே இல்லை. நானும் என் தப்புன்னுதான் நினைச்சேன். இங்க சேர்ந்த மொத மாசம் நீங்கதான் சொன்னீங்க, சில வெப்சைட்ல மாசத்தை முன்னாடி போடுவாங்கன்னு. சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கலை."

"வீட்டுல சொன்னீங்களா?"

"இத்தனை வருஷம் கழிச்சுச் சொன்னா சாக்குன்னுதானே நினைப்பாங்க?"

ஆபீசுக்குப் போனதும் தேதியை மாற்றினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அடுத்த வருடம் அவருடைய கணவர் லீவில் வந்தார். இந்தத் தடவை மனைவியையும் கூடவே அழைத்துப்போக ஏற்பாடு. ஒரு சனிக்கிழமை அவரைக் கூட்டிப்போக ஆபீசுக்கு வந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். எங்களுக்கெல்லாம் பேரீச்சம்பழம் கொண்டுவந்திருந்தார். கோட்டக்குப்பம் கீழே கடைக்குப் போயிருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மேடத்துக்கு நான் ஒன்று செய்ய வேண்டும் என்று ஒரு வருடமாக மனதில் இருந்தது. கம்ப்யூட்டரைத் திருப்பி, இரண்டு விதத் தேதிகளையும் காட்டி, "பாய், அந்த டிக்கெட் விஷயத்துல மேடம் மேல தப்பே இல்லை. யாரா இருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்" என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்ங்க. கவுண்டர்ல டிக்கெட்டைப் பார்த்த உடனே தெரிஞ்சுடுச்சு. மாசத்தை முன்னாடி போடற பேப்பரை அங்க தினமும் பார்க்கறவனுக்கு இது தெரியாதா? வீட்டுக்கு வந்தா எல்லாரும் அவளைச் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. உம்மா முகத்தைக்கூடப் பார்க்க முடியலைங்கற ஆத்திரம். யார் மேலயாவது போடணும் போல இருந்துச்சு. பேசாம இருந்துட்டேன். அப்புறம் நாளாக நாளாக எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

கதவருகில் சத்தம் கேட்டுத் திரும்பினேன். கோட்டக்குப்பம் கையில் பையோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"இத்தனை வருஷமாவா?" என்றார்.

"ஆமா" என்றார் அவர்.

கோட்டக்குப்பம் திரும்பிப் படியிறங்கிவிட்டார். வந்த பஸ்ஸில் தனியாகவே ஏறிப் போனார். கணவர் அடுத்த பஸ்ஸில் போனார்.

வீட்டு விஷயத்தில் தலையிட்டுவிட்டேனே என்று ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்குச் சாப்பிடவே பிடிக்கவில்லை. திங்கட்கிழமை அவர் வழக்கமான பஸ்ஸில் வந்து இறங்கினார். சவூதி போவதற்காக வேலையை விடுவதாக முன்பே எழுதிக் கொடுத்திருந்த கடிதத்தைச் சேகரிடமிருந்து திருப்பி வாங்கிக்கொண்டார். "நான் எங்கயும் போகலை சார்." ஏன் என்று யாரும் கேட்கவில்லை. முன்பைவிடக் குறைவாகப் பேசினார். நோட்டில் புள்ளிகள் மட்டும் கூடிக்கொண்டே போயின.

கணவரின் லீவு முடிய ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு காலையில் அந்தக் கடிதத்தை மறுபடி சேகர் மேஜையில் வைத்தார். பிறகு என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நேத்து எல்லாரையும் வீட்டுக்கு வரச் சொன்னார். நாத்தனாருங்க, சின்ன மாமா, எல்லாரையும். உட்கார வச்சு அவரே சொல்லிட்டார். எனக்கு அன்னைக்கே தெரியும், அவ மேல தப்பில்லை, நான் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்னு."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"மாமா மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போனார். எதுக்குப் போறார்னு யாருக்கும் புரியலை. பாத்திரம் உருள்ற சத்தம் கேட்டுச்சு. ரொம்ப நேரம் கழிச்சு ஒரு கிளாஸ்ல டீ கொண்டுவந்து என் கையில குடுத்தார். அந்த வீட்டுல ஒரு ஆம்பளை டீ போட்டு நான் பார்த்ததே இல்லை பிரபு."

மேஜையிலிருந்த தன் நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சர்க்கரை போட மறந்துட்டார்" என்றார். "முழுசாக் குடிச்சேன்."